சிமிட்டினால் அவுட்!

"சார்... இன்னைக்கு நடிப்பு பிரமாதம்! அப்படியே படுத்திருங்க... சுண்டுவிரல் மட்டும் பாக்கி. வரைஞ்சு முடிச்சிடறேன்!"

பாராட்டியவள், அந்த வீடியோ கேம் கம்பெனியின் ஓவியக்காரி.

பாராட்டு வாங்கியவர், கம்பெனியின் முதலாளி. தரையில் மல்லாந்து, வாய் லேசாகப் பிளந்து, கண்கள் கூரையை வெறிக்க...

செத்துப் போயிருந்தார்!

அது ஓவியக்காரிக்குத் தெரியாது. தெரியாமல் அவருடைய சுண்டுவிரலை, நகம் உட்பட ரசித்து ரசித்து வரைந்து கொண்டிருந்தாள்.

'செத்தவன் யார், இருக்கிறவன் யார் என்று கூடவா தெரியாது?' என்று கோபித்துக் கொள்ளாதீர்கள். இந்தக் கம்பெனியில் தெரியாது. அதற்குக் காரணம் ஒரு விளையாட்டு.

பெயர், 'அசையாதே!'

போன வருஷம் வரை இந்தக் கம்பெனியை ஈ, காக்காய் கூட எட்டிப் பார்த்ததில்லை. தையல் கடைக்கு மேலே இரண்டே அறைகள். ஒரு முதலாளி, ஒரு பார்ட்னர், ஒரு ஓவியக்காரி. அவர்கள் வெளியிட்ட விளையாட்டெல்லாம் வெளியிட்ட வேகத்தில் ஊற்றிக் கொண்டன.

கடைசியாக, போகிற போக்கில் முதலாளி ஒன்றைச் செய்தார்.

விளையாடுகிறவர்தான் பிணம். வீட்டு நடுக்கூடத்தில் கிடக்க வேண்டும். சொந்தக்காரர்கள் வந்து விழுந்து அழுவார்கள். மச்சான் உங்கள் விரல் மோதிரத்தை உருவப் பார்ப்பான். சித்தப்பா தும்முவார். மூக்கில் ஈ உட்காரும். நீங்கள் அசையக் கூடாது. சிரித்தால் அவுட். சிமிட்டினால் அவுட்!

"இந்தக் கருமத்தை எவன்டா விளையாடுவான்?" என்று பார்ட்னர் தலையில் அடித்துக் கொண்டான்.

உலகமே விளையாடியது!

பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் 'யார்யா இவனுங்க?' என்று வாயைப் பிளந்தார்கள். பஸ்ஸில், ஆபீஸில், கல்யாண மண்டபத்தில் ஆளுக்கு ஒரு போனைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டாமல் செத்துக் கிடந்தார்கள்.

இப்போது இரண்டாம் பாகம் தயாராகிறது. அதற்குப் புதுப்புதுப் பிணங்கள் வேண்டும். முதலாளி தினமும் தரையில் படுத்துக் கொள்வார். ஓவியக்காரி பார்த்து வரைவாள். ஸ்டாண்டில் மாட்டிய போன் எல்லாவற்றையும் வீடியோ எடுக்கும். அசையாமல் கிடப்பதில் முதலாளிக்கு அப்படி ஒரு பெருமை. தண்ணீர் கேன் போடுகிறவர் அவர் தலைமாட்டிலேயே கேனை இறக்கி வைத்துவிட்டுப் போவார். கீழே இருக்கும் தையல்காரர் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தால், அவரைச் சுற்றிக் கொண்டு போய்ப் பார்ட்னரிடம் கத்துவார்.

எல்லோருக்கும் பழகிவிட்டது.

ஓவியக்காரி சுண்டுவிரலை முடித்தாள்.

எங்கிருந்தோ ஓர் ஈ வந்தது. விளையாட்டில் வருவது அல்ல... நிஜ ஈ. முதலாளியின் மூக்கில் உட்கார்ந்தது. கன்னத்தில் நடந்தது.

"ஐயோ சார்... கெட்டிக்காரர்தான் நீங்க! எனக்கே கூசுது!"

ஈ, திறந்திருந்த அவருடைய கண்ணின் மேலேயே ஏறி நின்றது. கருவிழியில்!

இமை அசையவில்லை.

ஓவியக்காரியின் கையிலிருந்து பென்சில் விழுந்தது.

"சா...ர்...?"

அடுத்த விநாடி அவள் போட்ட அலறலில் கீழே தையல் மிஷின்கள் நின்றன!

உள் அறைக் கதவு திறந்தது. தடித்த கண்ணாடியோடு பார்ட்னர் தலையை நீட்டினான்.

"என்ன... சிமிட்டிட்டானா?"

* * *

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தபோது படிக்கட்டு முழுக்கக் கூட்டம். ஒருவன் பிணத்தைப் போனில் படம் பிடிக்க எம்பினான்.

"தம்பி... உனக்கும் பக்கத்துல ஒரு இடம் போட்டுத் தரட்டுமா?"

கூட்டம் கலைந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். கூடவே வந்த கான்ஸ்டபிள், பிணத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லானார்.

"மேடம்! 'அசையாதே' பண்ணினவர் இவர்தான் மேடம்! நான் அதுல மச்சானைத் தாண்டிட்டேன். சித்தப்பாகிட்டதான் அவுட் ஆகறேன்."

"என்கிட்ட அவுட் ஆகறதுக்குள்ள வாயை மூடும்யா."

போலீஸ் டாக்டர் முழங்காலை ஊன்றி எழுந்தார். முகம் சரியில்லை.

"காயம் இல்ல, கழுத்துல அடையாளம் இல்ல. அந்த பிளாஸ்க்ல மிச்சம் இருக்கற காபியை டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. தசையை ஒவ்வொண்ணா கட்டிப் போடற மருந்து ஏதோ உள்ள போயிருக்கு. முதல்ல கை கால். அப்புறம் நாக்கு. கடைசியாத்தான் மூச்சு."

"உயிர் எப்ப போச்சு?"

"அங்கதான் மேடம் கொடுமை. இந்தப் பொண்ணு அலர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்."

"காலையிலேர்ந்து கிடக்கறதா சொல்றாங்களே!"

"ஆமா. காலையிலேர்ந்து உயிரோட கிடந்திருக்கார். காது கேட்டிருக்கும். நினைவு இருந்திருக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடிஞ்சிருக்காது. யாராவது குனிஞ்சு பார்த்து, தூக்கிட்டு ஓடி வந்திருந்தா பிழைச்சிருப்பார்."

ஓவியக்காரி சுவரில் சாய்ந்து கொண்டாள்.

"காபியை யார் ஊத்திக் குடுத்தது?"

"நா... நான்தான் மேடம். அவர் வீட்லேர்ந்து பிளாஸ்க் கொண்டு வருவார். தினமும் நான்தான் ஊத்துவேன்."

பார்ட்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்தபடியே மெதுவாகச் சொன்னான்.

"சொல்லக் கூடாது மேடம்... ஆனா நேத்து இவளுக்கும் அவனுக்கும் பெரிய சண்டை."

"என்ன சண்டை?"

"கேம்ல தன் பேரைப் போடலைன்னு குதிச்சா. 'நீங்க உருப்பட மாட்டீங்க சார்'னு சொன்னா. தையல் கடை வரைக்கும் கேட்டுது."

ஓவியக்காரி விக்கித்துப் போனாள்.

"அண்ணே! அது கோபத்துல சொன்னது! அந்தக் கேம்ல இருக்கற ஒவ்வொரு மூஞ்சியும் நான் வரைஞ்சது. பேர் மட்டும் உங்க ரெண்டு பேரோடது. கேக்கறது தப்பா? அதுக்காகக் கொல்லுவேனா மேடம்?"

"செருப்பு மாறிப் போச்சுன்னு கொன்னவனை எல்லாம் நான் பிடிச்சிருக்கேன்மா. நீ பேருக்காகக் கொல்ல மாட்டியா?"

"எங்க அம்மாவுக்கு நான் ஒருத்திதான் மேடம்... நான் உள்ள போயிட்டா அவங்களுக்குக் கஞ்சி ஊத்தக்கூட ஆள் இல்ல..."

"அதைக் காபி ஊத்தறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

கொடூரமான பேச்சுதான். ஆனால் இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு வேறு மாதிரி பேச வராது.

அப்போது முதலாளியின் மனைவி வந்து சேர்ந்தாள். விலங்கு மருத்துவமனையில் நர்ஸ். யூனிபார்மை மாற்றக்கூட இல்லை. பச்சை உடையில் குதிரை முடி ஒட்டியிருந்தது.

வாசலில் நின்றாள். தரையில் கிடந்த கணவனை ஒரு தடவை பார்த்தாள். அதன் பிறகு அவள் பார்த்தது பிணத்தை அல்ல...

பார்ட்னரை!

கண்ணைக் கூட அசைக்காமல் பார்த்தாள். பார்ட்னர் தன் ஷூவைப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் பார்த்தார்.

"யோவ் கான்ஸ்டபிள். அந்த ஸ்டாண்டுல இருக்கற போனை எடும். வீடியோ ஓடிட்டுதானே இருந்துது? போடும்."

கான்ஸ்டபிள் வீடியோவை நடுவிலிருந்து ஓட்டினார்.

திரையில் முதலாளி கிடந்தார். ஓரத்தில் ஓவியக்காரியின் முழங்கையும் பென்சிலும். விசேஷமாக ஒன்றும் இல்லை. பிறகு...

முதலாளியின் இமை மூடித் திறந்தது. ரொம்ப மெதுவாக. பெரிய பாறையைத் தள்ளுவது போல.

"சார்! சிமிட்டிட்டீங்க! அவுட்!"

போனிலிருந்து வந்தது ஓவியக்காரியின் குரல். சிரிப்போடு.

மறுபடி இமை அசைந்தது.

"மறுபடியும் அவுட்! என்ன சார் இன்னைக்கு, கேமைப் பண்ணின நீங்களே தோத்துப் போறீங்க!"

மூன்றாம் முறை. கருவிழி மெல்ல நகர்ந்து அவள் பக்கம் திரும்பியது. அங்கேயே நின்றது.

"முறைக்காதீங்க சார்... அவுட்னா அவுட்தான்!"

கலகலவென்று சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். கான்ஸ்டபிள் வீடியோவை நிறுத்தினார். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை.

ஓவியக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் கொண்டாள்.

"என்னைத்தான் கூப்பிட்டிருக்கார்... காப்பாத்தச் சொல்லிக் கேட்டிருக்கார்... நான் அவுட் சொல்லி சிரிச்சிருக்கேன் மேடம்..."

"பாத்தீங்களா மேடம்?" என்றான் பார்ட்னர். "எவ்வளவு கல் நெஞ்சு பாருங்க!"

"ம். இவளை வண்டியில ஏத்தும்யா."

கான்ஸ்டபிள் ஓவியக்காரியின் தோளைப் பிடித்துத் தூக்கினார். அவள் எதிர்க்கவில்லை. எதிர்க்கிற நிலையிலும் இல்லை.

அந்த நேரம் பார்த்து, கான்ஸ்டபிளின் பாக்கெட்டில் போன் அடித்தது.

'அய்யோ... என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே... பீரோ சாவியை எங்க வெச்சீங்க...? சொல்லாமப் போயிட்டீங்களே... சாவி எங்கங்க...?'

ஒரு கிழவியின் அழுகை! 'அசையாதே' விளையாட்டில் வரும் விதவையின் குரல். இந்த அழுகைக்குச் சிரிக்காமல் தாக்குப் பிடிப்பதுதான் விளையாட்டிலேயே கஷ்டமான கட்டம். உலகத்தில் பாதிப் பேர் போனில் இதுதான் மணி.

"ஹி... ஹி... மன்னிச்சுக்குங்க மேடம். வீட்லேர்ந்து..."

கான்ஸ்டபிள் போனை வெளியே எடுத்தார். எடுத்ததுதான் தெரியும். முதலாளியின் மனைவி பாய்ந்து அதைப் பிடுங்கினாள். சுவரில் ஓங்கி அடித்தாள். சில்லு சில்லாகத் தெறித்தது.

"நிறுத்துங்கடா! அது எங்க அம்மாடா!"

கான்ஸ்டபிளுக்கு மூச்சே நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு இல்லை. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. மெதுவா சொல்லு."

"எங்க அப்பா செத்த அன்னிக்கு எங்க அம்மா அழுத அழுகை அது. இந்த மனுஷன் ஓரமா நின்னு போன்ல பதிவு பண்ணிருக்கார். எனக்கே தெரியாது. கேம் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. புருஷன் பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து பீரோ சாவி கேக்கறா கிழவின்னு ஊரே சிரிச்சுது மேடம். பணத்தாசை பிடிச்சவள்னு சிரிச்சுது."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

"பீரோல என்ன இருந்துது தெரியுமா? எங்க அப்பாவோட நீலச் சட்டை. அவருக்கு ரொம்பப் பிடிச்ச சட்டை. அதைப் போட்டு அனுப்பணும்னு சாவியைத் தேடினாங்க. வேற ஒண்ணுமே இல்ல!"

கான்ஸ்டபிள் தலையைக் குனிந்து, உடைந்த போனைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"அம்மாவுக்குத் தெரியாம மறைச்சேன். ஒருநாள் அம்மாவோட பஸ்ல போறப்ப பக்கத்து சீட்டுக்காரன் போன்ல அது அடிச்சுது. சுத்தி எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கு வாயை மூடினவங்கதான் எங்க அம்மா. இன்னி வரைக்கும் திறக்கல. என்கிட்டகூடப் பேசல. இவர் கால்ல விழுந்தேன். அதை எடுத்துடுங்கன்னு கெஞ்சினேன். 'அதுதான்டி கேமே'ன்னு சிரிச்சார்."

"அதனால பிளாஸ்க்ல கலந்துட்ட."

"கலந்தேன். குதிரையைப் படுக்க வைக்கறதுக்கு எங்க ஆஸ்பத்திரியில குடுக்கற மருந்து."

ஓவியக்காரி தலையை நிமிர்த்தினாள். கான்ஸ்டபிள் அவள் தோளிலிருந்து எப்போதோ கையை எடுத்திருந்தார்.

"ஆனா மேடம்... நான் அவரைச் சாகடிக்கல!"

"குதிரைக்குக் குடுக்கறதை மனுஷனுக்குக் குடுத்துட்டு..."

"கொஞ்ச நேரம் நிஜப் பொணமா கிடக்கட்டும்னு நினைச்சேன். சுத்தி நின்னு நாலு பேர் சிரிச்சா எப்படி வலிக்கும்னு தெரியட்டும்னு நினைச்சேன். வேலைக்குப் போனேன். அங்க ஒரு குதிரைக்கு அதே மருந்தைப் போட்டாங்க. அது கண்ணைப் பார்த்தேன். உடனே இவருக்குப் போன் பண்ணினேன்."

அவள் விரல் பார்ட்னரை நோக்கி நீண்டது.

"அண்ணா, அவர் நடிக்கல, நான் மருந்து குடுத்துட்டேன், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு அழுதேன். 'நான் பாத்துக்கறேன் தங்கச்சி'ன்னார். கொஞ்சம் கழிச்சு மறுபடி பண்ணினேன். 'சேர்த்தாச்சு, டாக்டர் பாத்துட்டார், பயம் இல்ல, நீ வந்தா போலீஸ் கேஸாயிடும், வராதே'ன்னார். நம்பிட்டேன் மேடம்... இவரைத் தெய்வம்னு நினைச்சேன்!"

பார்ட்னர் சிரித்தான். கண்ணாடிக்குள் கண்கள் சிரிக்கவில்லை.

"மாட்டிக்கிட்டதும் என் தலையில கட்டப் பாக்கறா மேடம். போன் வந்துது, வாஸ்தவம்தான். சாயந்திரம் அவனை சீக்கிரம் அனுப்பச் சொன்னா. அவ்வளவுதான் பேச்சு."

"அப்படியா? யோவ், வீடியோவை ஆரம்பத்துலேர்ந்து போடும்."

திரையில் பார்ட்னர் உள் அறையிலிருந்து வந்தான். காதில் போன். "சரி தங்கச்சி... அழாதே... நான் பாத்துக்கறேன்." போனை வைத்தான். முதலாளியின் முகத்தருகே குனிந்தான். கண்ணுக்குள் உற்றுப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். முதலாளியின் இமை அடித்துக் கொண்டது.

பார்ட்னர் கைக்குட்டையை எடுத்து அவருடைய கண் ஓரத்தைத் துடைத்தான். நிமிர்ந்தான்.

"இன்னைக்கு செமையா பண்றான்! யாரும் தொந்தரவு பண்ணாதீங்க. சிமிட்டினா மட்டும் அவுட்னு கத்தும்மா. அவனுக்கு உற்சாகமா இருக்கும்!"

ஓவியக்காரி "அடப்பாவி!" என்று கத்திவிட்டாள்.

"என்னத்தைய்யா துடைச்சே?" இன்ஸ்பெக்டரின் குரல் தாழ்ந்திருந்தது. அது கோபத்தின் உச்சம்.

"வி... வியர்வை மேடம்."

"ஏசி ரூம்ல, ஜில்லுன்னு தரையில படுத்திருக்கறவனுக்கு, கண் ஓரத்துல மட்டும் வியர்வை?"

பார்ட்னரின் நெற்றியில் இப்போது நிஜ வியர்வை.

"எதுக்குய்யா? ஒண்ணா உழைச்சவன், ஒண்ணா சாப்பிட்டவன்... எதுக்கு?"

பதில் வேறு திசையிலிருந்து வந்தது. ஓவியக்காரி தயங்கித் தயங்கிப் பேசினாள். பார்ட்னரிடம் இல்லை... முதலாளியின் மனைவியிடம்.

"அக்கா... சார் உங்ககிட்ட சொல்லலியா?"

"என்ன?"

"காலையில வந்ததுமே சொன்னாரே... 'அந்த அழுகையை முதல் வேலையா எடுத்துடணும், இரண்டாம் பாகத்துலயும் கூடாது'ன்னு. நேத்து உங்க அம்மாவைப் போய்ப் பார்த்தாராம். அவங்க இவரைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்களாம். ராத்திரி முழுக்கத் தூங்கலேன்னார். எடுத்து முடிச்சப்புறம் சாயந்திரம் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தார். இவர்தான் கூடவே கூடாதுன்னு கத்தினார்."

மனைவி கணவனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

காலையில், மருந்து கலந்த பிளாஸ்க்கை அவள் நீட்டினாள். 'தேங்க்ஸ்டி' என்று வாங்கிக் கொண்டு போனார். அந்த அழுகையை எடுக்கத்தான் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிளாஸ்க்கைத் தட்டிவிட்டிருப்பாள். சொல்லவில்லை மனுஷன். ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தாராம்!

அவள் கணவனின் பக்கத்தில் மண்டியிட்டாள். அவருடைய கண்களை மூடினாள். அதன் பிறகு அவளிடமிருந்து வந்த அழுகையைக் கேட்டு, வாசலில் நின்ற தையல்காரர் காதைப் பொத்திக் கொண்டார்.

அசல், அவள் அம்மாவின் அழுகை!

"அதை எடுத்தா அந்தக் கேம்ல என்ன மேடம் இருக்கு?" பார்ட்னர் திடீரென்று வெடித்தான். "அந்தக் கிழவி அழறதுக்குத்தான் உலகமே விளையாடுது! ஊர் பேர் தெரியாம கிடந்தோம். இப்பத்தான் நாலு பேருக்குத் தெரியுது. அதுக்குள்ள எடுக்கறானாம்! மாமியாருக்கு மனசு நோகுதாம்! அந்தக் கேம் செத்துடும் மேடம்!"

"அதுக்காக மனுஷனைச் சாக விட்டுட்ட."

பார்ட்னர் நாக்கைக் கடித்துக் கொண்டான். கடித்து என்ன பயன்? கேட்க வேண்டியவர்கள் எல்லாம் கேட்டாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஓவியக்காரியிடம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போம்மா. அம்மாவைப் பாரு." ஒரு கணம் தயங்கினார். "உன் மேல தப்பில்ல" என்று சேர்த்துக் கொண்டார். அவருக்கு இப்படியும் பேச வரும் என்று கான்ஸ்டபிளுக்கு அன்றுதான் தெரிந்தது.

முதலாளியின் மனைவி தானாகவே எழுந்தாள். தானாகவே கையை நீட்டினாள். பெண் போலீஸ் ஒருத்தி கைவிலங்கை மாட்டி, அவளை அழைத்துக் கொண்டு படி இறங்கினாள்.

கான்ஸ்டபிள் இன்னொரு கைவிலங்கோடு பார்ட்னரை நெருங்கினார். அவன் சுவரோடு சுவராக ஒட்டிக் கொண்டான்.

"மேடம்... இது அநியாயம்! மருந்து கொண்டு வந்தது அவ! கலந்தது அவ! ஊத்தினது இந்தப் பொண்ணு! நான் அவனைத் தள்ளினேனா, அடிச்சேனா? சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணலையே மேடம்!"

இன்ஸ்பெக்டர் அம்மாள் தொப்பியைச் சரி செய்து கொண்டார்.

"ஒண்ணுமே பண்ணாம நின்ன பாரு... அதுக்குத்தான்யா அரெஸ்ட்!"